ஆகட்டும் அண்ணாச்சி

எழுதுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். மகளின் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதியதைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பேசவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் இன்னொருவரைப் பற்றி, அதுவும் எல்லோரும் நல்லவர் என்று சொல்லும் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் போன மாதம் ஒரு சடங்கு வீட்டுப் பந்தியில் அவர் பேச்சு வந்தது. “அவர மாரி தங்கமான மனுசன் உண்டுமா?” என்று ஒருத்தி சொன்னாள். இலையில் கை வைத்திருந்த அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு, ஆட்டிய தலையை நினைத்து நினைத்து வயிறு எரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். நான் அவரைக் கடைசியாகப் பார்த்து ஆறு வருடம் இருக்கும். இப்போது கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

பிளாஸ்டிக் புல் பதிப்பது எங்கள் வேலை. ஓட்டல் வாசல், துணிக்கடை மொட்டைமாடி, கல்யாண மண்டபத்து முன்பக்கம், பையன்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துப் பந்து விளையாடும் மைதானம், எல்லாவற்றிலும் இப்போது அந்தப் புல்தான். எங்கள் பக்கத்து வெயிலில் நிஜப் புல்லைப் பச்சையாக வைத்திருக்க ஒரு வாய்க்கால் தண்ணீர் வேண்டும். பிளாஸ்டிக் புல் ஆறரை அடி அகலத்தில் பாய் மாதிரி சுருண்டு வரும். இரண்டு பாயைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஓரத்தை வெட்டி, அடியில் நாடா வைத்துப் பசை தடவி ஒட்ட வேண்டும். ஒட்டு வெளியே தெரியக்கூடாது. அந்த ஒட்டு வேலை என்னுடையது. அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் மேலப்பாளையத்துக் கடை ஒன்றுக்குப் பீடி சுற்றியவள் நான். இலை வெட்டி வெட்டிக் கத்தரி என் விரலில் ஒன்றாகவே ஆகியிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை இந்தத் தொழிலில் இருந்தவர்கள், “ஒட்டுக்கு அந்த அக்காவக் கூப்பிடு” என்பார்கள். கழுத்திலும் காதிலும் ஒன்றும் இல்லாத எனக்கு அந்தப் பெயர் இருந்தது. அது இருந்த வரைக்கும் வேலை இருந்தது. அதை அந்த நல்ல மனிதர் என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மேஸ்திரி ஒல்லியான ஆள். எவ்வளவு வேர்த்தாலும் வெள்ளைச் சட்டையில் மேல் பொத்தானைக்கூடத் திறக்க மாட்டார். வயதில் சிறியவர்களானாலும் வேலைக்கு வரும் பெண்களை அக்கா என்றுதான் அழைப்பார். ஒரு நாளும் ‘ஏட்டி’ என்று சொன்னதில்லை. யாரையும் கை நீட்டிப் பேசியதில்லை. இடத்துக்காரர்கள் போனில் கூப்பிட்டால் எழுந்து நிற்பார். நின்றதும் செருப்பைக் கழற்றிவிடுவார். போனில்தான் பேசுகிறார், எதிரே யாரும் இல்லை, ஆனாலும் செருப்பு கழன்றுவிடும். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து என்ன சொன்னாலும் ஒரே பதில்தான்.

“ஆகட்டும் அண்ணாச்சி. ஆகட்டும். ஆகட்டும் அண்ணாச்சி.”

எங்களோடு கல் சுமக்கும் பேச்சியம்மாள் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள். “பாருட்டி, செருப்பு கழண்டுட்டு. பெரிய எடத்துப் போன்தான்.”

“போனுக்குள்ள இருந்து காலப் பாத்துருவாவளோ?” என்பேன் நான். பேச்சியிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும்.

“காலத் தொட்டுக் கும்பிடத்தான் நேரமில்ல. அதான் செருப்போட நிப்பாட்டிக்கிட்டாரு.”

அப்போது சிரித்தோம். ஒரு தடவை ஒரே திங்கட்கிழமையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டார். ஒருவருக்கு டவுனில் வேலை, இன்னொருவருக்குச் சேரன்மகாதேவியில். இரண்டு இடத்திலும் காலை ஏழு மணிக்கு ஆள் வரும் என்று சொல்லியிருந்தார். டவுன்காரர் நாங்கள் நின்ற இடத்துக்கே வண்டியில் வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். மேஸ்திரி தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். ஏசி ஓய்ந்தவருக்குத் தன் செலவில் இளநீர் வெட்டிக் கொடுத்தார். இளநீரைக் குடித்த பிறகு மனிதருக்கே கூச்சமாகிவிட்டது. “சரிவே, நாளைக்காவது வாரும்” என்று போனார். மறுநாளைக்கு மூன்றாவதாக ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நல்லவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் மஞ்சள்காமாலையில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தபோது, பதினோரு நாளும் மேஸ்திரி தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவந்தார். தன் வீட்டம்மாவை வைக்கச் சொல்லி, உப்பில்லாமல், வடிகட்டிக் கொண்டுவந்தார். என் சொந்தத் தம்பி இரண்டு நாள் எட்டிப் பார்த்ததோடு சரி. அதை மறந்தால் எனக்கு நல்ல கதி வராது. மறக்க முடியாததுதான் இத்தனை வருடமும் என் வாயை அடைத்தது. கஞ்சி கொடுத்த கையைப் பற்றிக் குறை சொல்லலாமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். சொல்லலாம். இப்போது தெரிகிறது.

தொழில் தெரியாதவர் என்றாலும் மன்னித்துவிடலாம். அவருக்குத் தெரிந்த அளவு மண்ணை அறிந்தவர் இந்தத் தாமிரபரணிக் கரையில் யாரும் இல்லை. புது இடத்துக்குப் போனால் முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்து எச்சில் தொட்டுப் பிசைவார். திரி மாதிரி உருட்டி, முறுக்கு மாதிரி வளைப்பார். வளைத்தது உடையாமல் நின்றால் முகம் மாறிவிடும்.

“களிமண்ணுக்கா. சரியான களி. மழ பெஞ்சா ஊதும், வெயிலடிச்சா வத்திப்போயி வாயப் பொளக்கும். இதுக்கு மேல எத விரிச்சாலும் தூக்கிப் போட்டுரும்” என்பார். “ஒம்பது இன்ச் தோண்டி அள்ளி அங்கிட்டுப் போட்டுரணும். அடியில துணி, அதுக்கு மேல ஜல்லி, அதுக்கு மேல கல்லு ஒடச்ச கிரஷர் பொடி. தண்ணி போக ஓரத்துல ஓட்டக் குழாய். இதுல ஒண்ணு கொறஞ்சாலும் நம்ம வேல சவமாப் போவும்.”

எங்களிடம் இவ்வளவு தெளிவாகப் பேசுவார். இடத்துக்காரர் காரை விட்டு இறங்கினால் இதில் ஒரு சொல் வாயிலிருந்து வராது. கல்லிடைக்குறிச்சி ரோட்டில் ஒரு ஓட்டல்காரர், கொசு வரும், ஓட்டைக் குழாயே வேண்டாம் என்றார். ஆகட்டும் அண்ணாச்சி. ஐப்பசி மழையில் புல்லுக்கு அடியில் தண்ணீர் கட்டி, செத்த எலி நாற்றம் அடித்தது. நானும் பேச்சியும் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் அதை உரித்தெடுத்தோம். மேஸ்திரி ஓட்டல்காரரிடம், “இந்த வருசம் மழ கூடுதல் அண்ணாச்சி” என்றார். மழையின் மேல் பழி போட்டதால் யாருக்கும் வருத்தமில்லை. மழை வந்து மறுத்துப் பேசாது. அன்றைக்கே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு நாள் மழை கிடைக்காவிட்டால் அந்தப் பழியை யார் தலையில் வைப்பார் என்று யோசித்திருக்க வேண்டும்.

நாங்குநேரி போகிற நாலுவழிச் சாலையில், குளத்துப் பாசன வயலை மேடேற்றி ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தார்கள். மண்டபக்காரருக்கு அரிசி ஆலையும் உண்டு. நாங்கள் போய் இறங்கியது பங்குனி மாதக் கடைசி. மேஸ்திரி மண்ணை வளைத்துப் பார்த்தார், உடையவில்லை. மண்டபக்காரர் வந்தார்.

“வே மேஸ்திரி, எத்தன நாளுவே ஆகும்?”

“பத்து நாளு அண்ணாச்சி.”

“பத்து நாளா? கெணறா வெட்டப் போறீரு? சித்திர மொத முகூர்த்தம் எங்க அக்கா மகளுக்கு. நாலு நாளுல முடியும்.”

“ஆகட்டும் அண்ணாச்சி.”

“பொறவு, ஒம்பது இன்ச் பள்ளம்னு உம்ம ஆளு சொல்லுதான். நான் பிளாஸ்டிக் புல்லுதானவே கேட்டேன்? வாழையா வைக்கப் போறேன்? நாலு இன்ச் போதும்.”

“ஆகட்டும் அண்ணாச்சி.”

பேச்சி என் காதில் சொன்னாள். “நாலு நாளு, நாலு இன்ச்சு. இன்னும் நாலு பேரு வந்து தூக்கிட்டுப் போறதுதாம்ட்டி பாக்கி.”

மண்டபக்காரர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் நான் மேஸ்திரியிடம் போனேன். “மேஸ்திரி, இது வயக்காட்டு மண்ணுல்லா?”

“தெரியும்க்கா.”

“நாலு இன்ச் காணாதுல்லா?”

“காணாதுதான். பெரிய மனுசன் ஆசப்பட்டுக் கேக்காரு. மூஞ்சியில அடிச்ச மாரி எப்படிச் சொல்லுதது? பைய பாத்துக்கிடலாம்.”

மண்டபக்காரர் அப்போது பத்தடி தூரத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். நானாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு நாக்கு எழாது என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். எனக்குப் பேச வராது, அவர் பேசுவதில்லை, இரண்டும் ஒன்றுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். ஒன்றில்லை. எனக்குப் பேச்சு வராததால் இழப்பு எனக்குத்தான் வந்தது.

நாலு நாளில் முடித்தோம். துணி விரிக்கவில்லை, குழாய் போடவில்லை, களியின் மேல் நாலு இன்ச் கிரஷர் பொடி மட்டும். ஆனால் என் ஒட்டில் நான் குறை வைக்கவில்லை. முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து பதினாலு ஒட்டு. நானே அடுத்த நாள் தேடிப் பார்த்து எங்கே ஒட்டியிருக்கிறேன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் முகூர்த்தத்திலேயே கதை ஆரம்பித்தது. மாலை போட்ட பெண்ணும் மாப்பிள்ளையும் செருப்பில்லாமல் புல்லில் இறங்கினார்கள். சித்திரை வெயில், காலை பதினோரு மணி. பிளாஸ்டிக் அந்த நேரத்தில் தோசைக்கல். பெண் ‘அம்மா’ என்று துள்ளி மாப்பிள்ளையின் காலை மிதித்தாளாம். மண்டபக்காரர் போன் போட்டார். மேஸ்திரி எழுந்து நின்றார். செருப்பு கழன்றது.

“தண்ணி அடிச்சா குளுந்துரும் அண்ணாச்சி. காலையில, மத்தியானம், சாயந்திரம்னு ஹோஸ் வச்சு அடிக்கச் சொல்லுங்க. ஆகட்டும் அண்ணாச்சி.”

நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதால் கேட்டேன். தண்ணீர் பட்டால் ஊதும் என்று எங்களுக்குச் சொன்ன அதே வாய். அப்போதைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கோபம் தணிய வேண்டும், அதற்காக எதை வேண்டுமானாலும் சொல்வார். ஒரு மாதம் அந்த மண்டபத்துக் காவல்காரர் மூன்று வேளையும் பிளாஸ்டிக் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சினார். வேறொரு வேலைக்குப் போகும் வழியில் நாங்கள் பார்த்தபோது பேச்சியிடம் கேட்டார்: “எக்கா, தெனமும் ஊத்துதேன். இது எம்புட்டு ஒசரம் வளரும்?”

புல் வளரவில்லை. அடியில் களி வளர்ந்தது. நடுவில் திண்டு திண்டாக மேடு, நாற்காலி போட்ட இடத்தில் குழி. வைகாசிக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளையின் பெரியம்மா சீர்த்தட்டோடு மேட்டில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துபோனது. நடுத்தர வயசு அம்மா. அலறல் மேளம் கொட்டிக்கொண்டிருந்தவருக்கே கேட்டதாம்.

எங்கள் மூன்று பேரையும் வரச் சொன்னார்கள். மண்டபக்காரர் முகம் சிவந்து நின்றார். மேட்டுக்குப் பக்கத்தில் புல் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

“என்னவே இது? யாரு செஞ்ச வேலவே இது?”

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். இந்த ஒரு தடவையாவது சொல்வார் என்று நினைத்தேன். நாலு இன்ச் என்று சொன்னது நீங்கள்தானே என்று அவருக்குப் பிடித்த மாதிரி மெதுவாக, மரியாதையாக, செருப்பைக் கழற்றிவிட்டே சொல்லியிருக்கலாம்.

“ஒட்டு விட்டிருக்கு அண்ணாச்சி” என்றார். “பொம்பளைய வேல. கொஞ்சம் கை தவறியிருக்கும். பாவம், நீங்க ஒண்ணும் சொல்லாதீய.”

பாவம் என்றார். அந்தச் சொல்லை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். பழியைப் போட்டுவிட்டு அதன் மேல் இரக்கத்தையும் தடவினார்.

மண்டபக்காரர் என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, பாத்து ஒட்ட மாட்டியா? ஒரு மனுசிக்குக் கை போச்சே!”

நான் குனிந்துகொண்டேன். பேச்சி வாயைத் திறந்தாள். மேஸ்திரி கையை லேசாக உயர்த்தி, “விடுங்கக்கா, பெரிய எடம்” என்றார். பேச்சிக்கு மூன்று பெண்பிள்ளைகள். அவளும் வாயை மூடிக்கொண்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

இந்தத் தொழிலில் சேதி பஸ்ஸை விட வேகமாகப் போகும். பத்து நாளில் இரண்டு வேலை கைவிட்டுப் போனது. சேரன்மகாதேவியில் ஒருவர், “அந்த அக்காவா? மண்டபத்துல கை முறிஞ்சிதே, அந்த ஒட்டா?” என்று கேட்டாராம். ஒரு நாள் சாயந்திரம் விளக்கேற்றும் நேரத்தில் மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மகளுக்கு ஒரு பை மாம்பழம்.

“மண்டபத்துல அந்த எடத்த மட்டும் ஒரு தடவ ஒட்டிக் குடுத்துருங்கக்கா. பிரச்ன முடிஞ்சிரும். மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீய. அந்த நேரத்துல அவரு கோவத்துக்கு ஏதாவது சொல்லணும்லா?”

“அதுக்கு எம்பேரா கெடச்சுது?” என்று கேட்க நினைத்தேன். “வாரேன்” என்றுதான் வாயில் வந்தது.

மறுநாள் போனேன். பசை டப்பா, நாடா, வெட்டுக்கத்தி எல்லாம் எடுத்துக்கொண்டுதான் போனேன். ஒட்டிக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்திருந்தேன், சத்தியமாக. மண்டபக்காரர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேஸ்திரி பக்கத்தில் நின்றார். கிழிந்த இடத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கிழிந்தது ஒட்டே இல்லை. ஒட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒட்டே இல்லாத இடத்தில் புல் கிழிந்திருந்தது. என் ஒட்டு வைத்தபடி இருந்தது. மேஸ்திரி அன்றைக்கே பார்த்திருப்பார். ஒட்டுக்கும் கிழிசலுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள் இல்லை அவர்.

பசை டப்பாவைத் திறக்கவில்லை. கத்தியை எடுத்து, ஒட்டு நடுவில் வரும்படி ஒரு சதுரம் வெட்டினேன். தூக்கிக்கொண்டுபோய் மண்டபக்காரர் முன்னால் நீட்டினேன்.

“இழுத்துப் பாருங்க.”

“என்னது?”

“இதுதான் நான் ஒட்டுன ஒட்டு. ரெண்டு பக்கமும் பிடிச்சு இழுத்துப் பாருங்க.”

என்ன நினைத்தாரோ, வாங்கி இழுத்தார். அரிசி மூட்டை தூக்கின கை. எழுந்து நின்று, ஒரு பக்கத்தைக் காலில் மிதித்துக்கொண்டும் இழுத்தார். ஒட்டு விடவில்லை. நான் திரும்பிப் போய், வெட்டியெடுத்த ஓட்டைக்குள் அங்கே கிடந்த மண்வெட்டிக் காம்பை விட்டேன். கிரஷர் பொடியும் களியும் குழைந்து கூழாகியிருந்தது. காம்பு முழங்கை ஆழத்துக்கு இறங்கியது.

“நாலு இன்ச் போதும்னு நீங்க சொன்னீய. ஒம்பது வேணும்னு இவருக்குத் தெரியும். தெரிஞ்சே ஆகட்டும்னாரு. தண்ணி அடிக்கச் சொன்னதும் இவருதான். களியில தண்ணி விட்டா ஊதும்னு எங்களுக்குச் சொல்லித் தந்ததும் இவருதான். அந்த அம்மா விழுந்தது என் ஒட்டுல இல்ல.”

என் ஆயுசில் ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை. காவல்காரர் ஹோஸை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

மண்டபக்காரர் திரும்பினார். “என்னவே? இந்தம்மா சொல்லுதது நெசமாவே?”

மேஸ்திரி செருப்பைக் கழற்றினார். சுடுகிற மண்ணில் வெறுங்காலோடு நின்றார். என்னையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

“நீங்க எப்படிச் சொல்லுதீயளோ அப்படிச் செஞ்சிரலாம் அண்ணாச்சி” என்றார்.

ஆமாம் என்றோ இல்லை என்றோ அந்த மனிதர் வாயில் வரவில்லை. பொய் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. பொய்க்கு எதிராகச் சண்டையாவது போடலாம். 

மண்டபக்காரர் அந்த ஓட்டையைப் பார்த்தார். என்னிடம் ஒரு வார்த்தை, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாவது, ஏசினதுக்கு மனசில் வைக்காதே என்றாவது சொல்வார் என்று நின்றேன். “சரி, நீ போம்மா” என்றார். அந்த ஒட்டுத் துண்டை நாற்காலிக்கு அடியில் போட்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு முக்கால் மைல். பாதி தூரத்தில் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

“வெயில்ல நடக்காதீயக்கா. ஏறுங்க, பஸ் ஸ்டாப்புல எறக்கி விடுதேன்.”

நான் நடந்தேன். அவர் காலால் தரையைத் தள்ளித் தள்ளி வண்டியை உருட்டிக்கொண்டே கூட வந்தார்.

“கோவமாக்கா?”

“ஆமா” என்றேன். நின்று, முகத்தைப் பார்த்துச் சொன்னேன். “கோவம்தான். நான் சாவுற வரைக்கும் இருக்கும்.”

வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன், முகம் அப்படித்தான் இருந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

“ஆகட்டும்க்கா” என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு மண்டபத்துக்கே போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அங்கே ஜேசிபி வந்து ஒன்பது இன்ச் தோண்டியது. கல் சுமக்கப் போயிருந்த பேச்சி சாயந்திரம் வந்து சொன்னாள். ஒட்டு வேலைக்கு வள்ளியூரில் வேறு ஆளுக்குச் சொல்லியிருந்தார்கள்.